ஒரு சொடுக்கு

ஒரு கருவியை ஆக்குதல் ஒன்று. ஆக்கியவன் அருகில் இல்லாத வேளையிலும் பிறர் கையில் அது தொழிற்படுமாறு செய்தல் பிறிதொன்று. இவ்விரண்டும் ஒரே வேலையின் முற்பகுதியும் பிற்பகுதியுமே என நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். முற்பகுதிக்கு 3 மாலைப் பொழுதுகளும் பிற்பகுதிக்கு ஓராண்டிற்கு மேற்பட்ட காலமும் செலவான பின்னரே அவ்வெண்ணம் என்னை விட்டு நீங்கிற்று. நான் ஆக்கியது பெரியதொரு கருவியுமன்று. ஏறத்தாழ 180 வரிகள் கொண்ட சிறு கணினிச் செய்நிரல். பழைய எழுத்துருவொன்றில் தட்டெழுதப்பெற்ற தமிழை இன்றைய ஒருங்குறித் தமிழாக மாற்றுவது அதன் தொழில். அஃது யாருக்காக எழுதப்பட்டதோ அவரிடமிருந்து தொடங்குவதே பொருந்தும்.

என் பெரியப்பா வலிகாமம் வடக்கைச் சேர்ந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். 1990ஆம் ஆண்டில் அவரது ஊரவர் அனைவரும் இடம்பெயர்ந்தபோது அவர் கையோடு கொண்டு சென்ற பொருள்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று தடித்த மட்டை போட்ட ஒரு கொப்பி. ஊரிலிருந்த காணிகளின் பெயர்கள், ஒவ்வொன்றின் நான்கெல்லைகள், கிணறுகள், அவற்றுள் நன்னீர்க் கிணறு எது, உவர்நீர்க் கிணறு எது, எந்தக் கிணற்றில் யாருக்கு எத்தனை பங்கு என்பனவெல்லாம் அதிலே எழுதப்பட்டிருந்தன. ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேட்டின் பெயரால் அதனைத் 'தோம்பு' என்றே அவர் குறிப்பிடுவார். முதலில் அதனை நாங்கள் வேடிக்கையாகவே கொண்டோம். 1995இல் வலிகாமம் முழுவதுமே பெயர்ந்தபோதும் அக்கொப்பி அவரது பைக்குள்ளே தென்மராட்சிக்குச் சென்று திரும்பியது. 2015ஆம் ஆண்டிற்குப் பின் ஊரின் பகுதிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்ட வேளையில், திரும்பிச் சென்றவர்கள் வேலியையோ கதியாலையோ காணவில்லை; கிணறுகள் சில தூர்ந்து கிடந்தன; எங்கும் பற்றைக்காடு. தங்கள் வளவு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என அறியாது நின்றவர்கள் பெரியப்பாவைத் தேடி வரத் தொடங்கினர். வேடிக்கை அன்றோடு முடிந்தது.

கொப்பியின் தாள்கள் பழுப்பேறி உதிர்வதைக் கண்ட அவர், 2010ஆம் ஆண்டளவில் ஒரு கணினியை வாங்கி, முதுமையில் தட்டெழுதப் பழகி, 3 ஆண்டுகளில் அனைத்தையும் 41 கோப்புகளாக ஆக்கியிருந்தார். அவருக்குப் பழக்கிய இளைஞர் நோட்பாட் என்னும் எளிய செயலியைத் திறந்து, அதில் பாமினி எழுத்துருவை அமைத்துக் கொடுத்துச் சென்றிருந்தார். அக்காலத்தில் இலங்கைத் தமிழர் பலரும் செய்தது அதுவே. 2023ஆம் ஆண்டின் இறுதியில் ரொறன்ரோவிலுள்ள பேர்த்தி, தன் தந்தைவழிக் காணியின் எல்லையை அறிய வேண்டிக் கேட்டபோது, சந்தியிலிருந்த போட்டோக்கொப்பிக் கடையின் உதவியோடு ஒரு கோப்பினை அவளுக்கு அனுப்பி வைத்தார். அவளிடமிருந்து வந்த மறுமொழி ஒரே வரி: "அப்பப்பா, இது என்ன மொழி?"

பாமினி எழுத்துருவின் சூழ்ச்சியை இங்கே சிறிது விளக்க வேண்டும். அதில் தட்டெழுதப்படும்போது திரையிலே தோன்றுவது தமிழ். ஆனால் கணினியின் உள்ளே பதிவாவது ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக் குறிகளுமே. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி அணிவித்தது போன்றதோர் ஏற்பாடு அது. 'இலங்கை' என்ற சொல் உள்ளே ஒரு காற்புள்ளியோடு தொடங்கும். அதன்பின் 'வை', 'கியூ' என்னும் ஆங்கில எழுத்துகள். பின்னர் ஓர் அரைப்புள்ளி. முடிவில் 'ஐ', 'எஃப்'. முகமூடி இல்லாத கைப்பேசியில் அந்த உள்ளுருவமே வெளிப்படும். ஒருங்குறியோ தமிழ் எழுத்து ஒவ்வொன்றிற்கும் தனிக் குறியெண்ணை வழங்குவது; 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. இரண்டிற்குமிடையே வரிசை வேற்றுமையும் உண்டு. பாமினியில் நாம் கையால் எழுதும் முறைப்படி ஐகாரக் குறி முன்னும் ககரம் பின்னுமாக அமையும். ஒருங்குறியில் மெய்யே முதலில் வரும், குறி அதனைத் தொடரும். ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் மாத்திரம் போதாது. இடமும் மாற்ற வேண்டும்.

இத்தகைய மாற்றத்தைச் செய்து தரும் இடங்கள் இணையத்தில் இலவசமாகவே உள. கோப்புகளை என்னிடம் தந்தால் ஓரிரவில் மாற்றித் தருவதாகப் பெரியப்பாவிடம் கூறினேன். அவர் தலையை அசைத்து மறுத்தார்.

"தம்பி, இதுக்குள்ளை ஊரின்ரை வேலிச் சண்டை முழுக்கக் கிடக்கு. ஆர் ஆற்றை எல்லைக் கதியாலை இரவிலை பிடுங்கி நட்டவை எண்டும் எழுதியிருக்கிறன். அவை செத்துப் போச்சினம், பிள்ளையள் இருக்கினம். என்ரை கையாலை மாத்தலாமெண்டால் மாத்துவன். இல்லாட்டி உப்பிடியே கிடக்கட்டும்."

அவரது பிடிவாதத்தில் நியாயமிருந்தது. அதனோடு அவசரமும் இருந்தது. கண்ணழுத்த நோயால் இடக்கண் பார்வையை ஏற்கெனவே இழந்திருந்தார். வலக்கண்ணின் பார்வை வட்டமும் சுருங்கி வந்தது. எந்தக் கோப்பு எவருக்குரியது, எதனை வெளியிடலாம், எதனை மறைக்க வேண்டும் என்பதை அவர் ஒருவரே படித்துப் பார்த்துத் தீர்மானிக்க முடியும். படிக்கும் கண் இருக்கும் காலத்திலேயே அது நடைபெற வேண்டும்.

பேராதனைக்குத் திரும்பி, 2024 தை மாதத்தில் 3 மாலைகளில் செய்நிரலை எழுதி முடித்தேன். பைதன் என்னும் கணினி மொழி அதற்கு உதவிற்று. என் விடுதி அறையில் அது பிழையின்றி ஓடியது. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் அதனைப் பென்ட்ரைவில் இட்டுப் பெருமிதத்தோடு ஊருக்குப் போனேன். பெரியப்பாவின் கணினியிற் செருகித் திறந்தேன். இக்கோப்பினை எதனைக் கொண்டு திறப்பது என்று கணினி என்னையே கேட்டது. அக்கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை.

நான் எழுதிய 180 வரிகளும் வெறும் எழுத்துகளே. அவற்றை வாசித்துப் பொறிக்கு உணர்த்தும் துபாஷி ஒருவன் வேண்டும். அத்துபாஷிக்கு வேண்டிய நூலகம் வேண்டும். சாளரம் வரைவதற்குத் தனியே ஒரு தொகுதி வேண்டும். என் கணினியில் இவை யாவும் எப்போதோ நிறுவப்பட்டு, நான் மறந்தும் போயிருந்தவை. 'என் கணினியில் ஓடுகின்றதே' என்று கூறிக் கைவிரிப்பது செய்நிரலாளரிடையே பழகிப்போன பகடி. அன்று அது எனக்குப் பகடியாகத் தோன்றவில்லை.

இக்குறையை நிவர்த்தி செய்வதற்குப் பைஇன்ஸ்டோலர் என்றொரு கருவி உண்டு. நாம் எழுதிய செய்நிரலை அது ஆராய்ந்து, எவ்வெவற்றை அது துணைக்கழைக்கின்றது எனக் கண்டறிந்து, துபாஷியையும் நூலகத்தையும் பிறவற்றையும் சேர்த்து ஒரே பொதியாகக் கட்டித் தரும். 7 கிலோபைட்டு அளவினதான என் செய்நிரல் கட்டி முடித்தபோது ஏறத்தாழ 9 மெகாபைட்டு ஆயிற்று; அதாவது ஆயிரம் மடங்கிற்கும் மேல். பெண்ணைக் கொடுப்பதாயின் வீட்டையும் வளவையும் கிணற்றுப் பங்கையும் உடன்கொடுக்கும் எம்மவர் வழக்கத்தை இது எனக்கு நினைவூட்டியது. சீதனத்தை நான் எதிர்ப்பவன். ஆயினும் இவ்விடத்தில் அதற்கு மாற்று வழி எனக்குத் தெரியவில்லை.

பொதி கட்டுவோர் அறிய வேண்டிய முதல் விதி யாதெனில், எந்தப் பணிசெயல் முறைமைக்கு வேண்டுமோ அதிலிருந்துகொண்டே கட்ட வேண்டும் என்பதாகும். என் கணினியில் இருந்தது லினக்ஸ்; பெரியப்பாவினுடையதில் விண்டோஸ் 7. ஆகவே நண்பன் ஒருவனின் மடிக்கணினியில் இருந்துகொண்டு கட்டினேன். ஆவணி மாதத்தில் அதனைக் கொண்டுபோனபோது, இது செல்லுபடியாகும் செயலியன்று எனப் பெரியப்பாவின் கணினி முகத்திலடித்தாற்போற் கூறிற்று. நண்பனுடையது 64 பிட் முறைமை. பெரியப்பாவினுடையது 32 பிட். சிறியது பெரியதில் ஓடும். பெரியது சிறியதில் ஓடாது. ஒரு பகலும் ஓரிரவும் பஸ்ஸில் அலைந்து இவ்வொரு வாக்கியத்தைக் கற்றுக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த முறை பிரயாணத்தை மிச்சம்பிடிக்க எண்ணி, 32 பிட் பொதியைச் சந்திக் கடைக்கு அனுப்பிவைத்தேன். தங்கை முறையான ஒருத்தி பென்ட்ரைவில் எடுத்துச் சென்று பெரியப்பாவிடம் கொடுத்தாள். அன்று மாலை தொலைபேசியில் அவரே அழைத்தார். "ஏதோ ஒண்டு இல்லையாம் தம்பி. ஆங்கிலத்திலை கிடக்கு; பொறு, வாசிக்கிறன்." உருப்பெருக்குக் கண்ணாடியைத் திரையில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக அவர் வாசிக்கத் தொடங்கினார். எழுத்து, கோடு, எழுத்து, கோடு, ஓர் எண், மீண்டும் கோடு எனப் பத்து நிமிடமளவில் அது நீண்டது. இடையில் இருமுறை வரியைத் தவறவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். முதலிரு துண்டுகளிலேயே எனக்கு விடயம் விளங்கிவிட்டது; எனினும் அவரை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பைதனின் 3.9ஆம் பதிப்பிலிருந்து விண்டோஸ் 7இற்கு இடமில்லை. நானோ அன்றைய புதிய பதிப்பை வைத்துக் கட்டியிருந்தேன். புதியது எதுவோ அதுவே நல்லது என்ற மாணவ மனப்பான்மை அந்த முதியவரின் கண்ணிலிருந்து பத்து நிமிடங்களைப் பறித்துக்கொண்டது.

3.8ஆம் பதிப்பைத் தேடி எடுத்து மீண்டும் கட்டினேன். 2024 ஒக்டோபரில் அதன் பராமரிப்புக் காலமும் முடிவடைந்திருந்தது. விண்டோஸ் 7இன் பராமரிப்போ 2020 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. கைவிடப்பட்ட ஒரு துபாஷியைக் கைவிடப்பட்ட ஒரு வீட்டிற்கு அனுப்புவது பாதுகாப்பு நோக்கிற் சரியன்று என அறிஞர் கூறுவர்; அது முற்றிலும் உண்மை. இணையத் தொடர்பே இல்லாத கணினி என்பதால் மாத்திரம் துணிந்தேன்.

மார்கழியில் நேரிற் சென்றபோது மூன்று இடர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்தன. பென்ட்ரைவைச் செருகிய கணத்திலேயே அங்கிருந்த நச்சுநிரற் காவலன் என் பொதியைப் பிடித்து அழித்துவிட்டது. "நீ கொண்டு வந்தது நஞ்சாம், தம்பி" என்றார் பெரியப்பா, சிரிப்பின்றி. பைஇன்ஸ்டோலர் கட்டும் பொதிகளிலெல்லாம் வாயிலில் நிற்கும் பகுதி ஒன்றே. நச்சுநிரல் எழுதுவோரும் அதே கருவியைக் கையாளுவதால், காவலர்கள் வாயிலைக் கண்டே உள்ளிருப்பவனைக் கள்வன் எனத் தீர்மானிப்பதுண்டு. ஆண்டுதோறும் பணம் செலுத்தி நம்பகச் சான்றிதழ் பெறுவோர்க்கு இத்தொல்லை குறைவு. மாணவனுக்கு அது எட்டாக்கனி. அந்த ஒரு கோப்பிற்கு மாத்திரம் விலக்களித்தேன். எச்சரிக்கையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று ஒரு முதியவருக்குச் சொல்லிக் கொடுப்பது நல்ல பாடமன்று என்பது இன்றுவரை என் மனத்தை உறுத்துகின்றது.

இரண்டாவது இடர், செயலியோடு கூடவே தோன்றிய ஒரு கறுப்புச் சாளரம். செய்நிரல் தன் பிழைச் செய்திகளை எழுதும் இடம் அது. ஏதோ கோளாறு எனக் கருதிப் பெரியப்பா அதனை மூடினார். அதனோடு செயலியும் மாண்டது. மூன்றாவது என் சொந்த அசட்டுத்தனம். எழுத்து மாற்ற அட்டவணையை ஒரு தனிக் கோப்பில் வைத்திருந்தேன். பைஇன்ஸ்டோலர் செய்நிரல் அழைக்கும் நூலகங்களைத் தானே கண்டறியும். ஆனால் இத்தகைய தரவுக் கோப்பை நாம் சொன்னாலன்றிச் சேர்க்காது. நண்பனின் கணினியிற் சோதித்தபோது அட்டவணை அருகிலேயே கிடந்ததால் குறை வெளிப்படவில்லை. மேலும், ஒற்றைக் கோப்பாகக் கட்டப்படும் பொதி திறக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு தற்காலிகக் கோப்புறையில் தன்னை விரித்து, அங்கிருந்தே இயங்கி, முடிவில் அதனை அழித்துவிடும். தன் அட்டவணை இருப்பது அந்தத் தற்காலிக வீட்டில் என்பதைச் செய்நிரலுக்கும் சொல்லி வைக்க வேண்டியிருந்தது. இடம்பெயர்ந்த வீட்டில் எதை எங்கே வைத்தோம் என்று தேடுவதில் எம்மவர்க்கு அனுபவம் உண்டு. எனக்குத்தான் அது வாய்க்கவில்லை.

2025 சித்திரையில் நான் போனபோது நண்பனின் மடிக்கணினியையே இரவல் வாங்கிக்கொண்டு போனேன். இதுவே நான் முதலிற் செய்திருக்க வேண்டியது. பொதி திறந்தது. ஆனால் அப்பழைய கணினியில் விரிந்து முடிய இருபது விநாடி சென்றது. அதுவரை திரையில் அசைவொன்றும் இராமையால் பெரியப்பா மீண்டும் மீண்டும் சொடுக்கினார். ஒரே தருணத்தில் 5 சாளரங்கள் எழுந்து நின்றன. தனித்தனிக் கோப்புகளாகக் கட்டினால் விரைவாகத் திறக்குமே என எண்ணி அவ்வாறு செய்து பார்த்தேன். அவர் அதிலிருந்து செயலியை மாத்திரம் இழுத்து வெளியே வைத்தார். துணைகளை இழந்து அது இயங்க மறுத்தது. மீண்டும் ஒற்றைப் பொதியே தஞ்சம். திறக்கும்போதே ஒரு படம் தோன்றுமாறு செய்து, அதிலே பெரிய எழுத்தில் 'பொறுங்கோ பெரியப்பா, வருது' என எழுதினேன். ஒன்று ஓடிக்கொண்டிருக்கையில் மற்றொன்று எழாதவாறும் தடுத்தேன்.

'ஒரு சொடுக்கு' என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் விண்டோஸ் இரண்டு சொடுக்குகளை எதிர்பார்க்கின்றது. அவையும் அரை விநாடிக்குள் நிகழ வேண்டும். பெரியப்பாவின் விரல் நடுக்கத்திற்கு அந்த அரை விநாடி அகப்படவில்லை. முதற் சொடுக்கிற்கும் இரண்டாம் சொடுக்கிற்கும் இடையில் சுட்டி நகர்ந்துவிடும். கோப்புகளை ஒற்றைச் சொடுக்கிலேயே திறக்குமாறு அமைக்கும் வசதியொன்று முறைமையின் உள்ளே இருப்பதை அன்றுதான் தேடிக் கண்டுகொண்டேன்.

முதலாவது கோப்பு மாறிற்று. பெரியப்பா கண்ணாடியை வைத்து நெடுநேரம் வாசித்தார். பின்னர் நிமிர்ந்து, "என்னை நீ உப்பிடித்தான் எழுதுவியோ?" என்றார். குனிந்து பார்த்தேன். 'பெரியப்பா' என்று இருக்க வேண்டிய இடத்தில், பகரத்தின் மேல் ஒற்றைக் கொம்பும் காலும் ஏறி, அக்காலின் மேல் இகர விசிறியும் ஒட்டிக்கொண்டு, எவராலும் உச்சரிக்க முடியாத ஓர் உரு நின்றது.

காரணம் சுவையானது. பாமினியில் தட்டெழுதுவோர் ரகர ஒற்றையும் 'ரி'யையும் எழுதுகையில், அடிக்கோடற்ற ரகரம் அழகாகத் தோன்றும் என்பதற்காகக் காலுக்குரிய விசையையே அழுத்துவது வழக்கம். கண்ணுக்கு அது ரகரம், கணினிக்குக் கால். 'பெரி' என்பதிலே கொம்பும் பகரமும் காலும் அடுத்தடுத்து வரவே, என் செய்நிரல் அவற்றைப் 'பொ' எனச் சேர்த்துவிட்டது. இணையத்தில் உலவும் பழைய கட்டுரைகள் பலவற்றில் இப்பிழையைக் கண்டிருந்தும் என் வீட்டிற்கு அது வரும் என எண்ணவில்லை. இதற்குத் தீர்வு கணினியியலில் இல்லை, தமிழிலேயே இருந்தது. தமிழில் ஓர் உயிர்மெய்யின் மேல் இரண்டு உயிர்கள் ஏற முடியாது. ஆகவே காலை அடுத்து இகரக் குறியோ புள்ளியோ வருமாயின் அது காலன்று, ரகரமே. இவ்வொரு விதியை முன்னே சேர்த்து, பத்து நிமிடத்தில் மீண்டும் பொதி கட்டினேன். 'பொருள்' பொருளாகவே நின்றது. பெரியப்பா பெரியப்பா ஆனார்.

அதன்பின் அவரே நாற்காலியில் அமர்ந்தார். நான் பின்னால் நின்றேன். கிணறுகளின் கோப்பு, தோட்டக் காணிகளின் கோப்பு, கோயில் வீதிக் காணிகளின் கோப்பு என ஒவ்வொன்றாக மாறின. பேர்த்திக்கு உரியதை வேறாக எடுத்து வைத்தார். சில பெயர்களை வாய்விட்டுப் படித்தார். சிலவற்றில் நின்று, அக்கிணறு இப்போது எந்த மதிலுக்குள் அகப்பட்டிருக்கின்றது என எனக்குச் சொன்னார். இருபதாவது கோப்பளவில் அவரது கை சுட்டியின் மேல் நின்றுவிட்டது.

"தம்பி, இதை மாத்தேக்கை நீ கொஞ்சம் வெளியிலை நில்."

நான் முற்றத்திற்கு இறங்கிக் கிணற்றடிக்குப் போனேன். அவரது தோம்பில் நன்னீர் எனக் குறிக்கப்பட்ட கிணறு அது. 3 பங்குகளுள் 2 இப்போது கடல் கடந்துவிட்டன. வாளியை இறக்கிக் கொஞ்சம் தண்ணீர் அள்ளிக் குடித்தேன். உள்ளேயிருந்து சுட்டியின் ஒலி ஒரு முறை கேட்டது. சிறிது நேரம் கழித்து, மீண்டும் ஒரு முறை.